நாட்டாத சிவப்புக்கொடி

காலை ஆறரைக்கெல்லாம் ரசலையன் முற்றத்தில் இறங்கிவிடுவார். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, ரப்பர் குழாயைப் பிடித்து, புல்லுக்குத் தண்ணீர் விடுவார். ஓரத்தில் நின்றுதான் விடுவார், புல்லில் கால் வைக்கமாட்டார். மனைவி லீலாபாய் காப்பியோடு வந்து படியில் நின்று, "இது புல்லா, இல்ல நீங்க பெத்த பிள்ளையா?" என்று கேட்பாள். தினமும் கேட்கிற கேள்வி என்பதால் அவர் பதில் சொல்வதில்லை.

இரணியல் ரயில் நிலையத்துக்குப் போகும் சாலையில், முற்றம் முழுக்க சிமென்ட் கல் பதிக்காத வீடு அவருடையது ஒன்றுதான். அதற்குக் காரணம் உண்டு. இருபத்திரண்டு வருடம் துபாயில் ஓர் அரபி வீட்டில் தோட்டவேலை பார்த்தவர் அவர். அந்த வீட்டுப் புல்தரையை விதைத்ததும் நனைத்ததும் வெட்டியதும் அவர்தான். ஆனால் ஒருநாள்கூட அதில் உட்கார்ந்ததில்லை. உட்காரக் கூடாது என்று யாரும் சொன்னதில்லை, உட்காரு என்றும் யாரும் சொன்னதில்லை. ஊருக்குத் திரும்பினால் சொந்தப் புல்லில் கால் நீட்டி உட்கார்ந்து சாயா குடிக்கவேண்டும் என்று அங்கேயே முடிவு செய்துவிட்டார்.

மகள் ரெஜிலாவுக்கு வரன் அமைந்ததும் அந்த ஆசை இன்னும் பெரிதாகிவிட்டது. செப்டம்பரில் நிச்சயதார்த்தம். "சர்ச் ஹாலு வேண்டாம். நம்ம லான்ல வைப்போம். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க பாத்து அசந்து போவணும்" என்றார். சம்பந்தி ஞானதாசனிடமும் போனில் சொல்லியாகிவிட்டது. வீடியோகாரரிடம் சொல்லியாகிவிட்டது. சொல்லாமல் இருக்க அவரால் முடியவில்லை.

மே மாதம் மண்ணைக் கொத்தி, கல் பொறுக்கி, மட்டம் பார்த்து, புல்விதையை மணலோடு கலந்து தூவினார். அதற்கு முன்னால் எரு வேண்டியிருந்தது. எரு மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. அங்கே சண்முகவடிவு இருந்தாள். புருஷன் இறந்தபிறகு ஒரு கறவைப் பசுவை வைத்துக்கொண்டு, சொசைட்டிக்குப் பால் ஊற்றி, மகள் அபிதாவைக் கல்லூரியில் படிக்கவைக்கிறவள். அந்தப் பசுவைத் தவிர அவளுக்கு வேறு வருமானம் கிடையாது.

"அண்ணா, இந்தச் சாணி மட்கல்ல கேட்டியளா. ரெண்டு மாசம் கெடக்கட்டும். இப்பம் போட்டா புழு வரும்" என்று வடிவு அப்போதே சொன்னாள்.

"நீ குடு தங்கச்சி. நான் பாக்காத லானா?" என்றார் ரசலையன்.

முளைக்கும்வரை நாளுக்கு மூன்று தடவை லேசாகத் தெளித்தார். மைனாக்கள் விதையைப் பொறுக்காமலிருக்கத் தென்னையோலை பரப்பினார். முளைத்து இரண்டு விரல் உயரம் வந்ததும் தெளிப்பதைக் குறைத்து, வாரத்துக்கு இரண்டு நாள் ஆழமாக நனைத்தார். எல்லாம் முறையாகத்தான் நடந்தது. ஜூலையில் புல் பச்சைப் பாய் மாதிரி முற்றத்தை மூடியது. வெட்டிய புல்லைக் கடவம் என்கிற ஓலைக்கூடையில் அள்ளி மதிலுக்கு மேலே நீட்டினால் வடிவு வாங்கிக்கொள்வாள். சாணி இந்தப் பக்கம் வரும், புல் அந்தப் பக்கம் போகும். இரண்டு வீட்டுக்கும் அது பழக்கமாகிப் போனது.

ஆகஸ்ட் கடைசியில் புல்லில் மஞ்சள் திட்டு விழுந்தது. தண்ணீர் போதவில்லையோ என்று கூடுதலாக விட்டார். திட்டு பெரிதானது. காலையில் காகங்களும் மைனாக்களும் வந்து அந்த இடத்தையே கொத்தின. ரசலையன் குனிந்து ஒரு பிடி புல்லை இழுத்தார். வேரே இல்லாமல் கையோடு வந்துவிட்டது. அடியில் வெள்ளைப் புழுக்கள், பழுப்புத் தலையோடு, வளைந்து சுருண்டு கிடந்தன. ஒரு சாண் இடத்தில் பதினைந்து இருந்தன.

உரக்கடைக்காரர் வேப்பம்புண்ணாக்கு கொடுத்தார். "மண்ணை நனைச்சு, மேல வாற புழுவைக் கையால பெறக்குங்க. ஒரு மாசத்துல கொறயும்" என்றார். நிச்சயத்துக்குப் பத்து நாள்தான் இருந்தது. ரசலையனுக்கு ஒரு மாதம் கிடையாது.

மைத்துனர் வீட்டு ஷெட்டில் வாழைக்குப் போட்டு மீதியான குருணை மருந்து கிடந்தது. கத்தரிப்பூ நிறம். பொட்டலத்தில் எழுத்து அழிந்து, மண்டையோட்டுப் படம் மட்டும் பாதி தெரிந்தது. அதைக் கொண்டுவந்து அன்று மாலை புல் முழுக்கத் தூவி, மருந்து வேரில் இறங்குவதற்காகத் தண்ணீரும் நிறைய விட்டார். லீலாபாய் கேட்டபோது, "உரம்" என்றார்.

தெரியாமல் செய்தார் என்று சொல்ல வழியில்லை. அரபி வீட்டில் புல்லுக்கு மருந்து அடித்தால் அவரே ஓரமெல்லாம் சிவப்புக்கொடி நாட்டுவார். இத்தனை நாள் யாரும் மிதிக்கக் கூடாது, வெட்டிய புல்லைப் பையில் கட்டித் தனியாகப் போடவேண்டும் என்பது அங்கே சட்டம். அந்த வீட்டில் ஒரு பூனை உண்டு. அது புல் பக்கம் வந்தால் ரசலையன் வேலையை விட்டுவிட்டு ஓடிப்போய்த் தூக்குவார். இங்கே கொடி நாட்டினால் ஊர் கேட்கும், சம்பந்தி கேட்பார். விஷம் போட்ட புல்லில் நிச்சயமா என்று கேட்பார்கள். அதனால் அவர் நாட்டவில்லை. புல்லைத் தானே வெட்டிக் குழியில் போட்டுவிடலாம் என்று மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டார்.

ஆறாவது நாள் அவர் தக்கலைக்குப் பந்தல்காரரைப் பார்க்கப் போனார். பதினொரு மணிக்குத் திரும்பி வந்தால் புல் ஒழுங்காக வெட்டிக் கிடந்தது.

"நாலு நாளுல ஆளுவ வரணும். நீங்க ஓடியோடிச் சாவுதிய. அதான் நானே மெஷினைத் தள்ளுனேன்" என்றாள் லீலாபாய் பெருமையாக.

"வெட்டுன புல்லு எங்க?"

"எங்க போவும்? வடிவுக்குக் குடுத்தேன். ரெண்டு கடவம்."

ரசலையன் மதிலைப் பார்த்தார். அப்போதே போயிருக்கலாம். பத்தடி தூரம். ஆனால் ஆறு நாள் ஆகிவிட்டது, எத்தனை தண்ணீர் விட்டிருக்கிறோம், எல்லாம் கரைந்து போயிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். கை கழுவிச் சாப்பிட உட்கார்ந்தார். மீன்குழம்பை ஊற்றிப் பிசைந்தார், வாயில் வைக்கவில்லை. ஆனாலும் அவர் எழுந்து போகவில்லை.

இரண்டு மணிக்கு அந்தப் பக்கம் வடிவின் குரல் கேட்டது. "ஏட்டி அபிதா, ஓடி வாட்டி. மாடு நிக்க மாட்டேங்கு."

ரசலையனும் லீலாபாயும் போனபோது பசு கால் பின்னித் தள்ளாடிக்கொண்டிருந்தது. வாயிலிருந்து எச்சில் கயிறாக ஒழுகியது. கண்ணில் நீர். தொடைச் சதை துடித்தது. கால்நடை டாக்டர் ரேஷ்மி ஸ்கூட்டரில் வந்து சேர மூன்று மணி ஆனது. கண்ணை விரித்துப் பார்த்தார், வாயைத் திறந்து பார்த்தார்.

"காலைல இருந்து என்னம்மா தின்னுச்சு?"

அபிதா தொழுவத்துக்குப் பின்னால் நின்ற மரவள்ளிச் செடிகளைப் பார்த்தாள். "நான்தான் டாக்டர், காலத்த மரச்சீனி நிக்கிற பக்கத்துல கெட்டிட்டு காலேஜ் பஸ்ஸைப் பாக்கப் போயிட்டேன். பஸ் வரல்ல, திரும்பி வந்தப்ப கயிறு அவுந்து கெடந்தது."

"பாவி மட்ட. மரச்சீனி இலை தின்னா மாடு சாவும்ணு உனக்குத் தெரியாதா? படிக்கிய, என்னத்தப் படிக்கிய" என்று வடிவு மகளின் முதுகில் அறைந்தாள். அபிதா அசையாமல் வாங்கிக்கொண்டாள். தினமும் தின்கிற புல்லைச் சொல்ல அவர்கள் இருவருக்கும் தோன்றவில்லை.

டாக்டருக்கு முகம் தெளியவில்லை. "மரச்சீனின்னா இப்படி எச்சில் ஒழுகாது. பூச்சி மருந்து ஏதாவது போயிருக்குமா? வாழைக்கு வைக்கிற குருணை?"

"நமக்கு ஏது டாக்டரே வாழை. மூணு மூடு மரச்சீனியும் இந்த மாடும்தான்."

டாக்டர் திரும்பி, "சார், உங்க வீட்டுல?" என்று கேட்டார்.

நேராகக் கேட்ட கேள்வி. ரசலையனின் கண்ணுக்குள் பந்தலும் வீடியோகாரரும் சம்பந்தியும் வந்து நின்றார்கள். "இல்ல. உரம் மட்டும்தான்" என்றார்.

எது தெரிந்ததோ அதை வைத்துத்தான் வைத்தியம் செய்யமுடியும். டாக்டர் மரச்சீனி விஷத்துக்கான ஊசியைப் போட்டார். பத்து நிமிஷம் போனது. இருபது நிமிஷம் போனது. பசு முன்னங்கால் மடங்கி விழுந்தது. ரசலையன் தொழுவத்துத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

ஓரத்தில் கட்டியிருந்த கன்றுக்குட்டி அம்மாவைப் பார்த்துக் கத்தியது. வடிவு பசுவின் தலையை மடியில் வைத்தபடியே சொன்னாள். "ஏட்டி, அழுதது போதும். அந்தக் கன்னு காலத்த பால் குடிச்சதோட சரி. லீலா மைனி தந்த புல்லு மிச்சம் இருக்கில்லா, அதைப் போடு."

அபிதா கண்ணைத் துடைத்துக்கொண்டு கடவத்தைத் தூக்கினாள். கன்று கழுத்தை நீட்டியது.

ரசலையன் பாய்ந்துபோய்க் கடவத்தைத் தட்டிவிட்டார். புல் தரையெல்லாம் சிதறியது. "போடாத மக்கா. அதுல மருந்து இருக்கு. குருணை. நான்தான் போட்டேன்."

லீலாபாய் வாயைப் பொத்திக்கொண்டாள். டாக்டர் பையைத் திறந்தபடியே கேட்டார், "எப்ப போட்டீங்க? என்ன நிறம்?" பதில் வந்ததும் வேறு ஊசியை எடுத்துப் போட்டார். மறுபடியும் போட்டார். நாலரை மணிக்குப் பசுவின் மூச்சு நின்றது.

டாக்டர் கையைக் கழுவிக்கொண்டு ரசலையனிடம் வந்தார். "நான் கேட்டப்பவே சொல்லியிருந்தா பிழைச்சிருக்கும்னு உறுதியா சொல்ல முடியாது. ஆனா பிழைக்க ஒரு வழி இருந்துச்சு. அதை நீங்க அடைச்சிட்டீங்க" என்றார். குரலை உயர்த்தவில்லை.

வடிவு திட்டுவாள் என்று ரசலையன் காத்திருந்தார். திட்டினால் கொஞ்சம் பாரம் குறையும் போலிருந்தது. அவள் பசுவின் காதைத் தடவிக்கொண்டே கேட்டாள், "எனக்க சாணியில இருந்துலா அந்தப் புழு வந்துது அண்ணா. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நானும் பிள்ளையும் வந்து கையால பெறக்கித் தந்திருப்போமே." பிறகு மகளை இழுத்து, தான் அறைந்த முதுகைத் தடவினாள்.

மறுநாள் ரசலையன் பந்தலை வேண்டாம் என்றார். நிச்சயத்தைச் சர்ச் ஹாலுக்கு மாற்றினார். ரெஜிலாவின் பழைய சிவப்புத் துப்பட்டாவைக் கிழித்து, மரச்சீனிக் கம்புகளில் கட்டி, புல்லைச் சுற்றி நாட்டினார். மஞ்சள் திட்டெல்லாம் சுருங்கி, புல் இப்போது பளபளவென்று நின்றது. அதைப் பார்க்கவே அவருக்கு அருவருப்பாக இருந்தது.

நிச்சயதார்த்தத்தன்று மாப்பிள்ளை வீட்டார் ஹாலுக்குப் போகும் வழியில் பெண் வீட்டில் இறங்கினார்கள். அவர்களோடு வந்த ஞானதாசனின் பேத்தி, சின்னக் குழந்தை, பட்டுப்பாவாடையோடு நேராகப் புல்லுக்கு ஓடியது. ரசலையன் குறுக்கே ஓடி அதைத் தூக்கிக்கொண்டார். குழந்தை அழுதது. ஞானதாசன் திகைத்துப் போனார்.

"என்ன சம்பந்தி, புல்லுல உக்காந்து நிச்சயம்ணு சொன்னிய. இப்பம் செவப்புத் துணி கெட்டி வச்சிருக்கிய."

பராமரிப்பு வேலை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பேச்சு முடிந்துவிடும். லீலாபாய் கணவனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மதிலுக்கு அந்தப் பக்கம் வடிவும் அபிதாவும் நின்றிருந்தார்கள். நிச்சயத்துக்கு அழைத்திருந்தும் அவர்கள் உடை மாற்றவில்லை.

"இந்தப் புல்லுல நான் விஷம் போட்டிருக்கேன் சம்பந்தி. உங்களுக்க முன்னால பெரிய ஆளா நிக்கணும்ணு போட்டேன். யாருட்டயும் சொல்லல்ல. இந்தப் புல்லைத் தின்னு பக்கத்து வீட்டுப் பசு செத்துப்போச்சு. டாக்டர் கேட்டப்பவும் நான் பொய் சொன்னேன்."

குழந்தை அவர் தோளில் விசும்பிக்கொண்டிருந்தது.

"அங்க அரபி வீட்டுப் பூனைக்காக நான் கொடி நாட்டுனவன். இங்க, எனக்கு எரு தந்த வீட்டுக்கு ஒரு கொடி நாட்ட வெக்கப்பட்டேன். நம்ம மண்ணுல போடுற விஷம் நம்ம மதிலுக்குள்ள நிக்காது. போடாம இருக்கதுதான் நல்லது. போட்டாச்சுண்ணா, அந்த நிமிஷமே பக்கத்துல இருக்கவங்ககிட்ட சொல்லிரணும். எனக்கு வந்த வெக்கம்தான் அந்த மாட்டைக் கொன்னுது. குருணை பொறவுதான்."

ஞானதாசன் அந்தச் சிவப்புத் துணிகளைப் பார்த்தார். பிறகு பேத்தியை வாங்கிக்கொண்டு, "வாங்க, நேரமாவுது. ஹாலுக்குப் போவோம்" என்று மட்டும் சொன்னார்.

எல்லோரும் வேனில் ஏறும்போது ரசலையன் மதிலருகே போனார். "வடிவு, வேற ஒரு மாடு நான் வாங்கித் தருவேன். அது என் கடமை."

"வாங்கித் தாங்க, வேண்டாம்ணு சொல்ல மாட்டேன். எங்களுக்கும் ஜீவிக்கணும்லா" என்றாள் வடிவு. "ஆனா அண்ணா, இப்பம் அவங்ககிட்ட சொன்னதை, அண்ணைக்கு மூணு மணிக்கு எங்கிட்ட சொல்லியிருக்கணும். உண்மையைச் சொன்னா மட்டும் போதாது, பிரயோஜனப்படுற நேரத்துல சொல்லணும்."

அவள் தொழுவத்துக்குத் திரும்பிப் போனாள். அங்கே கன்று தனியாகக் கத்திக்கொண்டிருந்தது.