மிதந்த முட்டை

எனக்கு முன்கோபம் உண்டு. நாலு வயதுப் பிள்ளைகளிடம் அது எடுபடாது என்பதால் பெரியவர்களிடம்தான் காட்டுவேன். அன்று அதற்கும் வழியில்லை. தலைமையாசிரியை என் வகுப்பின் கடைசியில், பிள்ளைகளின் குட்டி நாற்காலியில் உடம்பைக் குறுக்கி உட்கார்ந்திருந்தார்.

ஒரு அப்பா புகார் கொடுத்திருந்தார். மகள் தினமும் ஈரச் சட்டையோடு வருகிறாளாம், பாடம் என்ற பெயரில் டீச்சர் தண்ணீரில் விளையாட விடுகிறாராம். தண்ணீர்த் தொட்டி வகுப்பில் இருக்கலாமா, கூடாதா என்று மேடம் இன்று முடிவு செய்வார். தொட்டி போய்விட்டால் 'கல் மூழ்கும், இலை மிதக்கும்' என்று பிள்ளைகளை ஒப்பிக்க வைக்க வேண்டியதுதான். அதற்கு நான் வேலையை விட்டுவிட்டு வீட்டிலேயே இருந்துவிடுவேன்.

வம்பே வேண்டாம் என்று முதல் நாளே எல்லாவற்றையும் வீட்டு வாளியில் போட்டுப் பார்த்துத்தான் பையில் எடுத்து வைத்திருந்தேன். பென்சில், சாவி, பாட்டில் மூடி, உருளைக்கிழங்கு, ஒரு முட்டை.

எங்கள் வகுப்பில் ஒரு சட்டம் உண்டு. போடுவதற்கு முன்னால் மிதக்குமா மூழ்குமா என்று சொல்லிவிட வேண்டும். தப்பாகச் சொன்னவருக்குத்தான் தண்ணீரில் கைவிட்டு அந்தப் பொருளைப் பிடித்துப் பார்க்கும் பாக்கியம். அதனால் தப்பாகச் சொல்ல என் பிள்ளைகளுக்குப் பயமே கிடையாது.

உருளைக்கிழங்கு வரை எல்லாம் ஒழுங்காகப் போனது. கடைசியில் முட்டையைத் தூக்கிக் காட்டி, "இது மூழ்கும்" என்று அடித்துச் சொன்னேன். போட்டேன். அது ஒரு முங்கு முங்கி, ஜம்மென்று மேலே வந்து மிதந்தது. மானம் கப்பலேறும் என்பார்கள், என்னுடையது முட்டையேறியது.

"டீச்சர் தப்பு! கைய விடுங்க டீச்சர்!" என்று வகுப்பே துள்ளியது. சட்டம் சட்டம்தானே, முழங்கை வரை விட்டேன்.

"ஏன் மிதக்குது?" என்றார் மேடம்.

"தெரியல மேடம்." புளுகுவதற்குக்கூட ஒன்றும் தோன்றவில்லை.

"உள்ள குஞ்சு நீச்சலடிக்குது" என்றது ஒரு வாண்டு.

புகார் கொடுத்தவரின் மகள் உதட்டைப் பிதுக்கினாள். எதையும் லேசில் நம்பமாட்டாள், அதனால் எங்களுக்கு அவள் 'சந்தேகம்'.

"ஒண்ண மட்டும் பாத்துட்டு எப்படிச் சொல்றது? இன்னொரு முட்டை போட்டுப் பாக்கலாம்."

மேடம் பள்ளிச் சமையலறைக்கு ஆள் அனுப்பினார். அங்கிருந்து வந்த முட்டை நேராக அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. இப்போது மேடத்துக்கே இருப்புக் கொள்ளவில்லை. எழுந்து வந்து, மிதந்த முட்டையை எடுத்துத் தொட்டி விளிம்பில் ஒரு தட்டுத் தட்டினார்.

குடலைப் பிடுங்கும் நாற்றம்! மூக்கைப் பிடித்துக்கொண்டு எல்லாரும் வாசலுக்கு ஓடினோம். மேடம்தான் முதலில்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் சோதித்து வைத்த முட்டையைக் காலையில் ஆம்லெட் போட்டுச் சாப்பிட்ட என் வீட்டுக்காரர், "கவலப்படாத, வேற ஒண்ணு வெச்சிருக்கேன்" என்றிருந்தார். எந்தக் காலத்து முட்டையோ.

"முட்டை பழசாயிட்டா உள்ள காத்து சேந்துடும். அதான் மிதக்குது" என்று வாசலில் வைத்தே பிள்ளைகளுக்குச் சொன்னேன்.

மேடம் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார். "உண்மையைச் சொல்லட்டுமா? தொட்டிய எடுத்துடணும்னு முடிவு பண்ணிட்டுத்தான் வந்தேன். ஒரே ஒரு புகாரை வெச்சு. இந்தப் பொண்ணுக்குத் தோணினது எனக்குத் தோணல பாருங்க. தொட்டி இருக்கட்டும். மாத்துத் துணி கொடுத்தனுப்பச் சொல்லி எல்லார் வீட்டுக்கும் நானே சொல்றேன்."

மேடத்துக்கு நன்றி சொன்னேன். மனதுக்குள் அந்த அழுகல் முட்டைக்கும், ஏன், என் வீட்டுக்காரருக்கும்கூடச் சொன்னேன். அவர் காதுக்கு இது போகாது.

பிறகு சந்தேகத்தின் முன்னால் மண்டியிட்டு, நனைந்திருந்த அவள் சட்டைக் கையைப் பிழிந்துவிட்டேன். "ரொம்ப தேங்க்ஸ்டி தங்கம். உன்னாலதான் நம்ம தொட்டி பொழைச்சுது."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நாளைக்கு வந்து பாத்துட்டுச் சொல்றேன் டீச்சர்."