குழி எங்கே?

"ஊத்துடி!" என்று சுவருக்குப் பின்னாலிருந்து முட்டைக்காரி குரல் கொடுத்தாள். உள்ளே கீரைக்காரி ஒரு வாளித் தண்ணீரைப் புத்தம்புதுப் பீங்கானில் கவிழ்த்தாள். மூச்சை இழுத்து விடுவதற்குள், சுவரின் அடியில் நீட்டிக்கொண்டிருந்த குழாய் ஒரு தும்மல் தும்மி, அத்தனை தண்ணீரையும் முட்டைக்காரியின் செருப்பின் மேல் கொட்டியது. நனைந்த காலை உதறியபடி அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். குழாய்க்கு அடுத்து மண். மண்ணுக்கு அடுத்து முள்செடி. அவ்வளவுதான். சந்தைக்கென்று கட்டிய கழிப்பறைக்குக் குழியே இல்லை.

ஊராட்சி அலுவலகத்துக் கிளார்க் வாசலில் காகிதத்தோடு நின்றுகொண்டிருந்தார். சாவியைக் கொடுத்தவரும் அவர்தான். வேலை முடிந்தது என்று ஒரு கையெழுத்து வாங்க வந்த இடத்தில், "பாத்துட்டுத்தான் போடுவேன்" என்று முட்டைக்காரி அடம்பிடிப்பாள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

"எல்லா வேலையும் முடிஞ்சிடுச்சும்மா. குழி மட்டும்தான் பாக்கி" என்றார். "அது மண்ணுக்கு அடியில இருக்கிற சமாச்சாரம். யார் பாக்கப் போறாங்க?"

"நான் பாத்துட்டேனே. குழிக்குப் பணம் வந்துச்சா இல்லையா?"

"அதெல்லாம் சேத்துத்தான் வந்துச்சு" என்று சொன்ன பிறகுதான் அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அந்தச் சந்தையில் பொழுது விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை உட்காருகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். ஒதுங்க இடம் கிடையாது. ஆண்கள் எந்தச் சுவரைக் கண்டாலும் திரும்பி நின்றுகொள்வார்கள். பெண்களுக்குத் தெரிந்த ஒரே வழி தண்ணீர் குடிக்காமல் இருப்பது. வெயில் மண்டையைப் பிளக்கும்போதும் தொண்டையை மட்டும் நனைத்துக்கொண்டு குவளையைக் கீழே வைத்துவிடுவார்கள். போன கோடையில் கீரைக்காரி கட்டுகளின் மேலேயே சுருண்டு விழுந்தாள். ஆஸ்பத்திரியில் டாக்டர், "சிறுநீரகம் இப்படிக் கெட்டுக் கிடக்கு, நீங்க தண்ணியே குடிக்க மாட்டீங்களா?" என்று அதட்டினார். கீரைக்காரி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். பக்கத்தில் நின்ற முட்டைக்காரி மருந்துச் சீட்டை வாங்கி மடித்தாள். ஒதுங்க இடமில்லை என்று அந்த டாக்டரிடம் சொல்லக் கூச்சப்பட்டதை நினைத்தால் இப்போதும் அவளுக்குத் தன்மேலேயே எரிச்சலாக வரும்.

அதன் பிறகுதான் பெண்கள் கூட்டமாகப் போய்க் கேட்டு, கழிப்பறைக்கு மேலிடத்திலிருந்து பணம் வந்தது. சந்தைக்காரர்களில் ஒருவர் கையெழுத்துப் போட்டால்தான் காண்ட்ராக்டருக்குக் கடைசித் தொகை கிடைக்கும் என்று விதி. ஊர்த்தலைவர் யோசிக்கவே இல்லை. தன் சொந்த அக்காவின் பெயரை எழுதச் சொல்லிவிட்டார். அந்த அக்காதான் முட்டைக்காரி.

கிளார்க் வந்துபோன அன்று சாயங்காலமே தலைவர் அக்கா வீட்டுக்கு வந்தார். வந்ததும் வராததுமாக அடுப்படியில் பலகையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். அம்மா போனபோது அவருக்கு நடை பழகாத வயது. இடுப்பிலேயே சுமந்து வளர்த்தவள் இவள். ஊருக்கே தலைவரானாலும் பசித்தால் இந்த அடுப்படிக்குத்தான் வருவார். அவள் தட்டை வைத்தாள். அவர் பாதி சாப்பிடும்வரை வேறு எதையெதையோ பேசிவிட்டு, தட்டைப் பார்த்தபடியே சொன்னார்.

"ஒரு கையெழுத்துதானேக்கா. குழியை அடுத்த நிதி வந்ததும் தோண்டிடலாம்."

"இந்த நிதி எங்க போச்சு?"

அவர் தண்ணீரைக் குடித்தார். தேர்தல் சமயத்தில் காண்ட்ராக்டரின் வண்டிகள் தம்பிக்காகத் தெருத்தெருவாக ஓடியது அவளுக்கு நினைவிருந்தது. அப்போது அவளும் அந்த வண்டியில் ஏறி, கைகூப்பி வாக்குக் கேட்டவள்தான். 'சும்மாவா ஓட்டியிருப்பான்' என்று இப்போதுதான் உறைத்தது.

"நம்ம வீட்டு விஷயத்தைச் சந்தைக்குக் கொண்டுபோகாதக்கா" என்றார் தம்பி.

"இது வீட்டு விஷயமாடா? என் வீட்டுல குழி இருக்கே."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்துப் புரையேறியது. அவள் தலையில் தட்டிக் கொடுத்தாள். ஆனால் கையெழுத்தை மட்டும் கொடுக்கவில்லை. கை கழுவும்போது அவர் முகம் சுண்டிப் போயிருந்தது. வாசல்வரை போனவர் திரும்பி, "ஊர்க்கூட்டத்துல நீ வாயைத் திறந்தா என் தலை உருளும்" என்றார்.

"அதுக்கு முன்னாடி குழியைத் தோண்டிடு. நான் ஏன் வாயைத் திறக்கப்போறேன்?"

அவர் தோண்டவில்லை. அக்காதானே, கடைசி நேரத்தில் இறங்கி வந்துவிடுவாள் என்று நினைத்தார். அவளுக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. தனியாகப் போனால் அவன் முகத்தைப் பார்த்ததும் இளகிவிடுவோம் என்று தெரிந்துதான் அவள் சந்தையில் ஒவ்வொரு கடையாகப் போய் உட்கார்ந்தாள்.

பாத்திரக்காரி துடைத்துக்கொண்டிருந்த சொம்பைக் கீழே வைத்தாள். "கடையைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்கன்னா? அவர் உனக்குத் தம்பி. எனக்கு யாரு இருக்கா?"

அதற்குப் பதில் சொன்னது கீரைக்காரி. "ஒருத்தி கேட்டா ஒருத்தியைக் கிளப்பலாம். எல்லாரும் கேட்டா சந்தையையே இல்ல கிளப்பணும்? கிளப்பிட்டு அவங்க எங்க போய்க் காய் வாங்குவாங்க?"

கூட்டத்தன்று கடைகளை மூடிவிட்டு மொத்தமாகப் போனார்கள். எப்போதும் ஆண்கள் சாய்ந்து உட்காரும் முன்வரிசையில் இன்று முட்டைக்காரியும் கீரைக்காரியும் பாத்திரக்காரியும் இருந்தார்கள். மேடையில் தலைவர், பக்கத்தில் கிளார்க், நடுவில் மேலிடத்திலிருந்து வந்திருந்த பெண் அதிகாரி. கிளார்க் முடிந்த வேலைகளை மளமளவென்று வாசித்துக்கொண்டே போனார். "சந்தைக் கழிப்பறை, முடிந்தது" என்றதும் முட்டைக்காரி எழுந்தாள்.

"தலைவரே, குழி எங்கே?"

வாழ்நாளில் அவள் அவரை அப்படிக் கூப்பிட்டதில்லை. தலைவர் அசடு வழியச் சிரித்தார். "உக்காருக்கா, அப்புறம் பேசிக்கலாம்."

"அக்கா வீட்டுல இருக்கா. இங்க கேக்குறது முட்டைக்காரி. குழி எங்கே?"

அவர் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. கண்ணில் அடிபட்ட பார்வை. சின்ன வயதில் காய்ச்சலில் கிடந்த நாட்களில் இதே கண்ணால்தான் அவளைப் பார்ப்பான். அவள் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். அந்த இடைவெளியில் கிளார்க் அடுத்த வரியை வாசிக்கத் தொடங்கிவிட்டார். அப்போது பக்கத்தில் கீரைக்காரி எழுந்தாள்.

"குழி எங்கேன்னு கேட்டோம்."

பாத்திரக்காரியும் எழுந்தாள். குரல் கீச்சென்று வந்தது, ஆனாலும் வந்தது. "ஆமா, குழி எங்கே?" பின்வரிசையிலிருந்து ஒரு கிழவர், "அதானே, பணம் வந்துச்சுல்ல?" என்றார். பிறகு யார் கேட்டது, யார் கேட்காதது என்று தெரியவில்லை, கூடமே கேட்டது.

வாசித்துக்கொண்டிருந்த கிளார்க்கை மேலதிகாரி கைகாட்டி நிறுத்தினார். "சந்தை எவ்வளவு தூரம்?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் எழுந்து நடந்தார். ஊரே பின்னால் போனது. யாரோ வாளி கொண்டு வந்தார்கள். மேலதிகாரி குழாயின் முன்னால் நின்றார். இந்த முறை நனைந்தது அவருடைய செருப்பு. அவர் குனிந்து குழாயைப் பார்த்தார், நிமிர்ந்து தலைவரைப் பார்த்தார்.

"இதுக்கா முடிஞ்சதுன்னு எழுதினீங்க?"

காண்ட்ராக்டருக்குக் கடைசித் தொகை நிறுத்தப்பட்டது. குழி தோண்டி, சந்தைப் பெண்கள் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகுதான் பணம் என்று அங்கேயே, எல்லார் காதிலும் விழும்படி மேலதிகாரி சொன்னார். தலைவர்மேல் விசாரணை உண்டு என்றும் சொன்னார். அது எங்கே போய் முடியும் என்று யாருக்கும் தெரியாது.

தம்பி அதன் பிறகு அடுப்படிக்கு வரவில்லை. முட்டைக்காரி ஒவ்வொரு நாளும் ஒரு கை அரிசி கூடுதலாகப் போட்டுவிட்டு, மறுநாள் பழையதைத் தானே சாப்பிட்டாள். செய்தது தப்பு என்று ஒருநாளும் தோன்றவில்லை. வலிக்காமலும் இல்லை.

சந்தையில் மண்வெட்டிச் சத்தம் கேட்கத் தொடங்கியது. வேலைக்காரர்களுக்குத்தான் பாவம், நிம்மதி இல்லை. கை ஒழிந்த பெண் ஒவ்வொருத்தியும் வந்து எட்டிப் பார்த்து, "இது என்ன, கோழி கிளறின மாதிரி இருக்கு? இன்னும் தோண்டுங்கப்பா" என்று சொல்லிவிட்டுப் போனாள். கீரைக்காரி மட்டும் ஒன்றும் சொல்லமாட்டாள். குழியோரம் நின்று ஒரு குவளைத் தண்ணீரை மெதுவாகக் குடித்துவிட்டுத் திரும்புவாள்.

ஒரு மத்தியானம் வேலைக்காரர்கள் சாப்பிடப் போயிருந்தபோது தலைவர் வந்தார். கூட யாரும் இல்லை. எந்தக் கடையையும் பார்க்காமல் நேரே பின்பக்கம் நடந்தார். செருப்பைக் கழற்றி விட்டுவிட்டு, ஆழம் பார்ப்பவர்போல விளிம்பைப் பிடித்துச் சறுக்கிக் குழிக்குள் இறங்கினார். முட்டைக்காரி கூடைக்கு மேலே கண்ணை உயர்த்திப் பார்த்துக்கொண்டிருந்தாள். இடுப்பு மறைந்தது, தோள் மறைந்தது, தலையும் மறைந்தது. ஏணியை வேலைக்காரர்கள் எடுத்துப்போயிருந்தார்கள்.

பிறகு மண் அப்பிய ஒரு கை மட்டும் விளிம்புக்கு மேலே வந்து, பிடிக்கு எதையோ துழாவியது. பாத்திரக்காரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். முட்டைக்காரி மடியிலிருந்த வைக்கோல் துணுக்குகளைத் தட்டிவிட்டு எழுந்து குழிப் பக்கம் நடந்தாள். அவசரப்படவில்லை. வெயிலில் அந்தக் கை விரல்களை விரித்துக்கொண்டு காத்திருந்தது.