கீழ் ஸ்வரத்தை விட்டுவிடு

1.

இந்தக் கதை எனக்குக் கழுத்துவலியால் கிடைத்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு ஏதோ பெரிய ஞானத்தில் எழுதியதாக நீங்கள் நினைத்துக்கொள்ளக் கூடாது.

பிசியோதெரபி செய்யும் இடத்தில் என் முறைக்காக உட்கார்ந்திருந்தேன். எதிர் நாற்காலியில் ஒரு சிறுமி. எட்டு, ஒன்பது வயது இருக்கலாம். இடது மணிக்கட்டில் பட்டை கட்டியிருந்தார்கள். பக்கத்தில் அவள் அம்மா. ஒரு நாற்காலி தள்ளி இன்னொரு பெண், கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி. அம்மா அந்தப் பெண்ணிடம் சொன்னாள்:

“நீங்க ஒண்ணும் மனசுல வச்சுக்காதீங்க டீச்சர். பியானோவ நீங்க ஒழுங்காத்தான் சொல்லிக் குடுத்தீங்க. இவதான் கேக்கல.”

டீச்சர் கைப்பையின் வாரைச் சரிசெய்துகொண்டாள். சிறுமி தரையைப் பார்த்தாள். அதற்குள் என்னை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். நான் வெளியே வந்தபோது மூன்று பேரும் போயிருந்தார்கள்.

நான் கண்டதும் கேட்டதும் இவ்வளவுதான். இனி வருவதெல்லாம் என் கைச்சரக்கு.

2.

முதல் தொடக்கத்தை இப்படி எழுதினேன்:

‘அந்த வீட்டில் களைப்பே தெரியாத ஓர் ஆசிரியர் இருந்தது. அதற்குக் காது உண்டு, கண் கிடையாது. ஈவு இரக்கம் அறவே—’

இங்கே நிறுத்தினேன். நிறுத்தியது நான் அல்ல, என் தங்கை. என் வரைவுகளைப் படிப்பவள் அவள் ஒருத்திதான், அதுவும் சாப்பிட்டுக்கொண்டே.

“பியானோ சொல்லிக்குடுக்கற டேப்லெட்ட வில்லனாக்கிட்டியாக்கா? அதுக்கு வாய் இருந்தா உன்மேல கேஸ் போடும்,” என்றாள்.

“பிள்ளை கை போயிருக்குடி.”

“என் பையனும் அதுலதான் கத்துக்கறான். எனக்கும் அவருக்கும் சங்கீதம்னா கிலோ என்ன விலை. வாரத்துல ஒரு நாள் டீச்சர். மிச்ச நாளெல்லாம் தப்புத்தப்பா தட்டிட்டு இருந்தவன், இப்ப தப்புக்கு அது செவப்பு காட்டினதும் திருத்திக்கறான். ரெண்டு கையும் சேத்து வாசிக்கறான். அத எழுது.”

எழுதினேன், இதோ. அவள் பேச்சில் எனக்குப் பிடிக்காதது, அது நியாயமாக இருந்தது என்பதுதான்.

3.

ஆக, வில்லன் இல்லாமல் தொடங்குகிறேன்.

கண்ணாடிக் கடைக்கு மேல் இரண்டு அறைகளில் ஒரு பியானோப் பள்ளி. பிள்ளைகள் வீட்டில் பழகும்போது டேப்லெட்டைப் பியானோமேல் சாய்த்து வைக்க வேண்டும். வாசிப்பதை அது கேட்கும். சரியான ஸ்வரத்துக்குப் பச்சை, தவறினாலோ விடுபட்டாலோ சிவப்பு. ஒரு பாட்டு முழுக்கப் பச்சையானால்தான் அடுத்த பாட்டு திறக்கும். வாரத்தில் ஒரு நாள் டீச்சரிடம் நேரில் வகுப்பு. வீட்டில் நடந்ததன் கணக்கு அதற்கு முன்பே டீச்சரின் திரைக்கு வந்துவிடும்.

பள்ளியை நடத்துபவர் டீச்சர்களைக் கூட்டி வைத்துச் சொன்னார்:

“சரி தப்ப அது பாத்துக்கும். நீங்க கையப் பாருங்க, தோளப் பாருங்க, பிள்ளை சந்தோஷமா இருக்கான்னு பாருங்க. அது உங்களாலதான் முடியும்.”

(இவரையாவது கெட்டவராக்கலாம் என்று பார்த்தேன். இதைவிட நல்ல வேலைப் பங்கீட்டை என்னாலும் யோசிக்க முடியவில்லை. விட்டுவிட்டேன்.)

சிறுமியை வீட்டில் பாப்பு என்று கூப்பிடுகிறார்கள். பாப்புவுக்கு டேப்லெட்டின் பெயர் ‘குட்டி டீச்சர்’. நேரில் இருப்பவள் ‘பெரிய டீச்சர்’. இரண்டு பேர்மேலும் அவளுக்கு உயிர். பள்ளிவிட்டு வந்ததும் பையை எறிந்துவிட்டு நேராகப் பியானோவுக்குத்தான் போவாள். அவள் சோம்பேறி அல்ல, அடங்காப்பிடாரியும் அல்ல. சொன்னதைச் சொன்னபடி செய்கிற பிள்ளை. இந்தக் கதைக்கு அதுதான் வினை.

4.

புதிய பாட்டில் இடது கைக்கு ஓர் இடம் வந்தது. சுண்டுவிரலில் கீழ் ஸ்வரம், கட்டைவிரலில் மேல் ஸ்வரம், இரண்டையும் ஒன்றாக அழுத்த வேண்டும். நடுவில் ஆறு வெள்ளைக் கீகள். பெரியவர்களுக்கு ஒன்றுமில்லை. பாப்புவின் கை எட்டவில்லை.

டீச்சர் அவள் விரல்களை விரித்துப் பார்த்தாள்.

“உன் கை இன்னும் வளரணும்டா. இப்போதைக்குக் கீழ் ஸ்வரத்த விட்டுடு. கட்டைவிரல் மட்டும் போதும்.”

“விட்டா தப்பில்லையா?”

“தப்பே இல்ல. எல்லாரும் அப்படித்தான் செய்வாங்க.”

இது உண்மைதான். சின்னக் கைகளுக்கு ஒரு ஸ்வரத்தைக் குறைத்துக் கொடுப்பது பியானோ சொல்லிக்கொடுப்பவர்களின் அன்றாட வேலை. டீச்சர் பென்சிலால் புத்தகத்தில் அந்த ஸ்வரங்களைச் சுழித்துவிட்டாள். காலம்காலமாக அப்படித்தான் செய்து பழக்கம்.

பென்சில் குட்டி டீச்சருக்குத் தெரியாது.

(* திரையிலேயே ஒரு ஸ்வரத்தைத் தொட்டு விலக்கும் வசதி இருந்தது. விலக்கினால் அது அந்த ஸ்வரத்தை எதிர்பார்க்காது. ஒரு நிமிட வேலை. பயிற்சியில் சொல்லிக்கொடுத்தார்கள். டீச்சர் அன்று வந்திருந்தாள், கவனித்தும் இருந்தாள். இந்த அடிக்குறிப்பை நீக்கிவிட்டால் அவளைக் காப்பாற்றலாம். நீக்க மனம் வரவில்லை.)

5.

வீட்டில் பாப்பு கட்டைவிரலால் மட்டும் வாசித்தாள். சிவப்பு. மறுபடி வாசித்தாள். சிவப்பு.

அம்மா மருந்துக்கடையில் பில் போடுபவள். வந்ததும் வராததுமாக அடுக்களையில் நின்றபடி கேட்டாள்: “என்ன, இன்னிக்குப் பாட்டு முடியலையா?”

“குட்டி டீச்சர் செவப்பு காட்டுதும்மா.”

“அப்ப சரியா வாசி.”

இதில் அம்மாவைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சிவப்பு என்றால் தவறு என்றுதான் அவளுக்கும் சொல்லியிருக்கிறார்கள்.

பாப்பு விரலை விரித்தாள். எட்டாதபோது மணிக்கட்டை வெளிப்பக்கமாக மடக்கி, வலது கையால் இடது சுண்டுவிரலை இழுத்துக் கீமேல் வைத்துப் பழகினாள். சில நாளில் எட்டியது. வலித்தது. வலியோடு அடித்தபோது பச்சை வந்தது. மணிக்கட்டு எப்படி மடங்கினாலும் ஸ்வரம் ஒன்றுதான். கேட்க மட்டும் தெரிந்த ஒன்றுக்கு வேறு எப்படித் தெரியும்?

“கை வலிக்குதும்மா.”

அம்மா கடையிலிருந்து கொண்டுவந்த களிம்பைத் தடவிவிட்டாள். “ரொம்ப எழுதினியா இன்னிக்கு?” என்று கேட்டாள். பாப்பு ஆமாம் என்றாள். அன்று நிறைய எழுதியும் இருந்தாள்.

6.

வகுப்பு நாள். இந்தக் கதையில் எனக்குத் தூக்கம் கெட்ட இடம் இது.

டீச்சர் திரையைத் திறக்கிறாள். புதிய பாட்டு, முழுக்கப் பச்சை. அவள் முகம் மலர்கிறது. (அதை நான் மனமார எழுதினேன். பிள்ளை முன்னேறினால் அவளுக்குச் சந்தோஷம்தான்.)

“பாத்தியா, குட்டி டீச்சரே ஒத்துக்கிச்சு,” என்கிறாள்.

பாப்பு பியானோ முன் உட்கார்ந்து வாசிக்கிறாள். பெரிய டீச்சர் முன்னால் பெரிய டீச்சர் சொன்னபடி. கீழ் ஸ்வரத்தை விட்டுவிட்டு, கட்டைவிரல் மட்டும். கை தளர்ந்து அழகாக இருக்கிறது. டீச்சர் கையைப் பார்க்கிறாள், தோளைப் பார்க்கிறாள், குறையே இல்லை.

விடச் சொன்ன ஸ்வரம் எப்படிப் பச்சையானது என்று அவள் கேட்கவில்லை.

ஒரு கேள்வி. அவ்வளவுதான் தேவைப்பட்டது. அந்த வாரமும் கேட்கவில்லை, அடுத்த வாரங்களிலும் கேட்கவில்லை. கருவி தானாகவே கற்றுக்கொள்ளும் என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள், பாப்புவின் கை சின்னது என்பதையும் கற்றுக்கொண்டுவிட்டது போலிருக்கிறது என்று நினைத்தாள். அல்லது,

‘அவளுக்கு உள்ளூர ஒரு சந்தேகம்—’

அடித்துவிட்டேன்.

‘அவளுக்குச் சந்தேகமே வரவில்லை—’

இதையும் அடித்துவிட்டேன். முதல் வரைவில் டீச்சரை ‘அவர்’ என்றுதான் எழுதியிருந்தேன். இந்தப் பத்திக்கு வந்தபோது கோபம் வந்து ‘அவள்’ ஆக்கிவிட்டேன். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

7.

ஒரு மாலை பாப்புவால் தண்ணீர் டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. மணிக்கட்டு வீங்கியிருந்தது. தசைநார் கிழிந்திருக்கிறது என்றார் மருத்துவர். பல மாதம் பட்டை, அதன்பின் பயிற்சி. பியானோ?

“இப்போதைக்கு அந்தப் பேச்சே வேண்டாம். கை முழுசாத் திரும்புமான்னு என்னால சொல்ல முடியாது,” என்றார்.

அம்மா விசாரித்தாள். பாப்பு எல்லாவற்றையும் சொன்னாள், விரலை இழுத்து வைத்ததையும். அம்மா டீச்சருக்குப் போன் செய்தாள். அந்த ஸ்வரத்தை விடச் சொல்லியிருந்ததாக டீச்சர் சொன்னாள். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

அம்மா மகள் பக்கம் திரும்பினாள். “டீச்சர் வேணாம்னு சொல்லியும் பண்ணியிருக்க. யார் பேச்சையும் கேக்கறதில்ல.”

அன்றிலிருந்து அந்த வீட்டில் அது பாப்புவின் தவறு. பக்கத்து வீட்டில் கேட்டாலும் அதுதான் பதில், பள்ளிக்கூடத்தில் கேட்டாலும் அதுதான். இரண்டு டீச்சர் சொன்னதையும் கேட்ட பிள்ளைக்குச் சொல்பேச்சு கேட்காதவள் என்று பெயர்.

அது அப்படி இல்லை என்று தெரிந்த ஆள் ஒருத்திதான் இருக்கிறாள்.

8.

முடிவுகள்.

அ) டீச்சர் எல்லாவற்றையும் சொல்கிறாள். பச்சையை நான் பார்த்தேன், கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை, பிள்ளைமேல் தவறில்லை. அம்மா கத்துகிறாள், பள்ளி டீச்சரை வேலையிலிருந்து அனுப்பிவிடுகிறது. பாப்பு நிமிர்ந்து உட்காருகிறாள்.

தங்கை படித்துவிட்டுத் தட்டை நகர்த்தினாள். “யாருக்கா இப்படிச் சொல்றா?”

“யாராவது சொல்லலாம்ல.”

“நீ பாத்த அந்தப் பொம்பள சொன்னாளா?”

ஆ) டீச்சர் வேலையை விட்டுவிட்டு வேறு ஊருக்குப் போய்விடுகிறாள். மனசாட்சி உறுத்துகிறது, மழை பெய்கிறது. (வெட்கக்கேடு. மழையை மட்டுமாவது எடுத்துவிட்டேன்.)

இ) குட்டி டீச்சரைத் தயாரித்த நிறுவனம் டேப்லெட்டின் கேமராவையும் இயக்கிவிடுகிறது. இனி அது கையையும் பார்க்கும். இதுவும் நடக்கக்கூடியதே, நல்லதே. ஆனால் பாப்புவுக்கு இதனால் ஆகப்போவது ஒன்றுமில்லை.

9.

ஆகவே நடக்கும் என்று நான் பயப்படுவதை எழுதுகிறேன்.

டீச்சர் பாப்புவைப் பார்க்க வீட்டுக்கு வருகிறாள். வரும் வழியெல்லாம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் வருகிறாள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. பியானோவைத் துணி போட்டு மூடியிருக்கிறார்கள். அம்மா உள்ளே போகிறாள். பாப்பு நாற்காலி நுனியில் உட்கார்ந்திருக்கிறாள். டீச்சர் வாய் திறப்பதற்குள் பாப்பு முந்திக்கொள்கிறாள். அம்மா சொல்லிக்கொடுத்திருக்கலாம், தானாகவே யோசித்தும் இருக்கலாம்.

“சாரி டீச்சர். நீங்க சொன்னத நான் கேட்டிருக்கணும்.”

டீச்சர் அவளைப் பார்க்கிறாள். உள்ளே குழாய் மூடும் சத்தம். இப்போது சொன்னால் உண்டு.

டீச்சர் சொன்னாள்: “பரவாயில்லடா கண்ணு.”

எழுதிய மறுகணமே அதை அடித்தேன். அத்தனை அன்பாகச் சொல்கிறாள், அதுதான் தாங்கவில்லை. தன் தவறுக்குப் பிள்ளையை மன்னிக்கிறாள். மன்னித்துவிட்ட பிறகு அந்தத் தவறு யாருடையது என்று இனி ஒருவரும் கேட்கப்போவதில்லை, பாப்புவும் கேட்கமாட்டாள்.

அந்த வரி இருந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன்.

“ ”

வேறு ஏதாவது எழுத முடிகிறதா பாருங்கள். நான் ஏழு வரைவு எழுதிப் பார்த்துவிட்டேன், ஒவ்வொரு முறையும் டீச்சர் வாயில் அதே சொல்தான் வருகிறது, ஒவ்வொரு முறையும் பாப்பு அதைக் கேட்டு, நன்றி டீச்சர் என்கிறாள்.