அசையாத முப்பத்தாறரை

குறைமாதக் குழந்தைகளைக் கிடத்தும் சூட்டுப் பெட்டிகளைச் செய்யும் தொழிற்சாலை எங்களுடையது. அதில் வெப்பத்தை அளக்கும் மின்சுற்றுப் பலகை என் வேலை. மூன்று நாளாக என் தங்கையின் மகளும் ஆஸ்பத்திரியில் எங்கள் பெட்டி ஒன்றுக்குள்தான் இருக்கிறாள்.

பெட்டியில் இரண்டு சென்சார்கள். ஒன்று ஹீட்டர் தகட்டில், மற்றது குழந்தையின் தோலில். எண்ணாக மாற்றும் சில்லு ஒன்றேதான். அது இரண்டையும் மாறி மாறி, மின்சாரத்தைக் கொஞ்ச நேரம் தேக்கும் ஒரு சின்னக் கெப்பாசிட்டரில் பிடித்துப் பார்க்கும். ஒவ்வொரு முறை பிடிக்கும்போதும் சில்லுக்கு முன்னால் நிற்கும் ஆம்ப்ளிஃபயர் குலுங்கி, பிறகுதான் நிலைக்கு வரும். போன வருஷம் திரையில் எண் துடித்துக்கொண்டே இருந்தது. நான் நடுவில் மின்சாரத்தைத் தடுக்கும் பெரிய ரெசிஸ்டரைப் போட்டு அடக்கினேன். எண் அசையாமல் நின்றது. எல்லோரும் கை தட்டினார்கள், பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

சோதனை செய்பவருக்கு ஆறுமணி என்று பெயர். ஆறு அடித்தால் நாற்காலி காலி. இரண்டு சென்சாரையும் ஒரே வெந்நீர்த் தொட்டியில் போட்டு, இரண்டும் ஒரே எண் காட்டினால் பாஸ் என்பார். இன்று காலை தொட்டியில் சென்சாரைப் பிடிக்கும் ஒரு கிளிப் உடைந்திருந்ததால், ஹீட்டர் சென்சாரைத் தன் டீ ஃபிளாஸ்க்குக்குள் விட்டார்.

"அக்கா, தொட்டித் தண்ணி முப்பத்து நாலு. நம்ம திரை முப்பத்தாறரை காட்டுது. நம்ம பெட்டிப் பயலுக்கு ஜுரமோ?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் ரெசிஸ்டரால் ஆம்ப்ளிஃபயரின் மின்சாரம் கெப்பாசிட்டருக்கு மெதுவாகத்தான் போய்ச் சேர்கிறது. ஹீட்டரின் மிச்சம் வடிவதற்குள் தோலைப் படித்துவிடுகிறோம். இத்தனை நாள் இரண்டையும் ஒரே சூட்டில் வைத்ததால் மிச்சமே தெரியவில்லை. படிக்கும் முன் சில்லு காத்திருக்கும் நேரத்தை இரண்டு மைக்ரோ செகண்டிலிருந்து இருபதாக்கினேன். கண் சிமிட்டும் நேரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. எண் முப்பத்து நாலுக்கு இறங்கியது. தோலின் எண் பொய்யாகக் கூடினால், குழந்தை சூடாக இருப்பதாக நம்பிப் பெட்டி ஹீட்டரைக் குறைத்துவிடும். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டேன். அதைக் குழந்தையின் தலையிலல்லவா வைத்திருக்கிறேன்!

"எத்தனை பெட்டி அனுப்பியிருக்கோம்?" என்றேன்.

ஆறுமணி அனுப்பிய பெட்டிகளின் பதிவேட்டைப் புரட்டத் தொடங்கினார். நான் தங்கைக்குப் போன் போட்டேன்.

"குழந்தை எப்படிடி இருக்கா?"

"நல்லாத் தூங்குறாக்கா. காலையிலிருந்து அழவே இல்லை. முப்பத்தாறரையை விட்டு எண் நகரவே மாட்டேங்குது."

"உள்ளே கையை விட்டுக் காலைத் தொட்டுப் பாரு. இப்பவே."

சின்னக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

"ஜில்லுன்னு இருக்குக்கா."

"நர்ஸைக் கூப்பிடு. வேற தெர்மாமீட்டர் வெச்சுப் பார்க்கச் சொல்லு. அதுக்குள்ள குழந்தையை எடுத்து நெஞ்சோட அணைச்சுக்கோ."

போன் எங்கோ வைக்கப்பட்டது. பேச்சுக் குரல்கள் கேட்டன. தங்கை திரும்பி வந்தபோது அவள் குரலில் பயமே இல்லை.

"நர்ஸோட தெர்மாமீட்டர் முப்பத்து மூணே முக்கால் காட்டுச்சுக்கா. அது கெட்டுப்போச்சாம், வேற எடுத்துட்டு வரப் போயிருக்காங்க. பெட்டியில எண் சரியாத்தானே இருக்கு, குழந்தையை வெளியே எடுக்கக் கூடாதுன்னு கதவை மூடிட்டுப் போயிட்டாங்க."