பன்னிரண்டு டிகிரி

திங்கட்கிழமை காலை அண்ணிக்கு மயக்க மருந்து கொடுத்துத் தோளை விடுவிப்பதாக ஏற்பாடாகியிருந்தது. ஆள் தூக்கத்தில் இருக்கும்போது, இறுகிப்போன மூட்டை டாக்டர் தன் கையாலேயே அசைத்து நெகிழ்த்துவார். மூன்றரை மாதப் பயிற்சியில் பலனில்லை, இனி இதுதான் வழி என்று குறிப்பெழுதிக் கையெழுத்துப் போட்டவள் அண்ணியின் தம்பி மனைவி. அந்த ஆஸ்பத்திரியின் பிசியோ அவள்தான்.

அண்ணி பெண்களுக்கு முடிவெட்டும் கடை வைத்திருந்தாள். வலது கை தோளுக்கு மேல் உயராமல் போனதும், வந்தவர்களையெல்லாம் குழந்தைகளுக்கென்று வாங்கிப்போட்ட குட்டி முக்காலியில் உட்காரவைத்து வெட்ட வேண்டியதாயிற்று. முட்டி முகவாயில் இடிக்க உட்கார்ந்திருப்பவர்களைக் கண்ணாடியில் பார்ப்பதுதான் வலியைவிட அவளை அதிகம் உறுத்தியது. உடம்பில் சர்க்கரை வேறு. மயக்க மருந்து என்றதும், ஊர் வாயை அடைக்கும் அந்த வாய் இரண்டு நாள் ஓய்ந்து கிடந்தது. மூன்றாம் நாள், “உன் கையெழுத்தை நம்பித்தான் படுக்கப்போறேன். எழுந்திரிக்கலைன்னா உன் புருஷனுக்கு நீயே பதில் சொல்லிக்கோ” என்றாள். பேச வேண்டிய இடங்களில் தம்பி மனைவிக்கு எப்போதுமே பேச்சு வந்ததில்லை.

வெள்ளிக்கிழமை அண்ணி மயக்க மருந்து டாக்டரைப் பார்க்கக் கீழ்த்தளத்தில் காத்திருந்தாள். அதே நேரத்தில் மேலே மூன்றாம் மாடியில் தம்பி மனைவி வேறொரு வேலையாக உட்கார்ந்திருந்தாள். தோள் எவ்வளவு உயர்கிறது என்று அளப்பதில் இடத்துக்கு ஒரு வழக்கம், ஆளுக்கு ஒரு கை. ஒரே நோயாளி ஓரிடத்தில் தேறியவர், அடுத்த இடத்தில் தேறாதவர். எல்லோரும் ஒரே மாதிரி அளக்க ஒரு முறையை எழுதிவிட வேண்டுமென்று ஆராய்ச்சியில் இறங்கியவர்கள் மூன்று பேர்: அவள், அண்ணிக்கு வைத்தியம் பார்க்கும் எலும்பு டாக்டர், வேறொரு ஆஸ்பத்திரியிலிருந்து வரும் பிசியோ. இந்த மூன்றாமவர் டீக்கடையில் டம்ளர் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்றுகூடக் குனிந்து பார்ப்பவர். முதுகுக்குப் பின்னால் அவருக்கு அளவுகோல் என்று பெயர்.

இருபத்துநாலு பேருடைய தோளை மூவரும் தனித்தனியே அளந்து, ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்காமல் உறையில் போட்டிருந்தார்கள். அன்றைக்கு உறைகளைப் பிரித்தார்கள். டாக்டருடைய எண்ணும் அளவுகோலுடைய எண்ணும் பெரும்பாலும் ஒட்டியே வந்தன. அவளுடையது ஒவ்வொரு வரியிலும் குறைந்திருந்தது. பதினொன்று, பன்னிரண்டு, பதிமூன்று, மறுபடி பன்னிரண்டு. ஒரு வரிகூட ஏறவில்லை.

அளவுகோல் பென்சிலால் வரிகளை மறுபடி ஒருமுறை தொட்டுக்கொண்டு போனார். பதினெட்டு வருஷமாக அவள் இந்தக் கையை நம்பித்தான் எழுதியிருக்கிறாள். எத்தனை பேரை வேலைக்குப் போகலாம் என்று அனுப்பினாள், எத்தனை பேரை இன்னும் இருங்கள் என்று நிறுத்தினாள். அந்தக் கூட்டத்திலிருந்து ஒரே ஒரு எண் மட்டும் தனியே எழுந்து நின்றது. அண்ணிக்குப் போன வாரம் அவள் எழுதிய தொண்ணூற்றெட்டு. முதல் நாள் அண்ணியை அளந்து தொண்ணூற்றாறு என்று எழுதியவர் டாக்டர். நடுவில் யாரும் அளக்கவில்லை. தொண்ணூற்றாறு, தொண்ணூற்றெட்டு. இரண்டு டிகிரிதானே ஏறியிருக்கிறது, பலனில்லை என்று அவளும் முடிவு கட்டினாள், அவரும் ஒத்துக்கொண்டார்.

அதைச் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அளவுகோல் ஒரு யோசனை சொன்னார். எண்ணைப் பார்த்துப் பிரயோஜனமில்லை, கையைப் பார்ப்போம், ஒருவர் அளக்கட்டும், மற்ற இருவரும் பேசாமல் பார்க்கட்டும் என்றார். பேசாமல் இருப்பது அவளுக்குக் கஷ்டமில்லை. பார்க்கப்படுவதுதான் கஷ்டம்.

ஆராய்ச்சிக்குத் தோள் கொடுத்தவர்களில் ஒருவரான லிஃப்ட்காரரைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். டாக்டர் அளந்தார். அளவுகோல் அளந்தார். பிறகு அவள். கோணமானியின் ஒரு கை உடம்போடு, மறு கை உயர்த்திய கையோடு, நடுவட்டம் மூட்டின்மேல். எல்லாம் புத்தகத்தில் இருக்கிறபடிதான். இருவரும் இரண்டு பக்கமும் குனிந்து பார்த்தார்கள். வைத்த இடத்தில் பிசகில்லை. படித்த எண்ணிலும் பிசகில்லை. ஆனாலும் பன்னிரண்டு குறைந்தது.

கடைசியில் அளவுகோல் லிஃப்ட்காரரிடமே கேட்டார், மூன்று பேர் அளந்ததில் ஏதாவது வித்தியாசம் தெரிந்ததா என்று.

“எல்லாம் ஒண்ணுதான் சார்” என்றார் அவர். கொஞ்சம் யோசித்தார். “இந்த மேடம் மட்டும் பின்னாடி கட்டைவிரலை வச்சு அமுக்குவாங்க. அன்னிக்கும் அப்படித்தான். அதுவும் வைத்தியம்னு நினைச்சேன்.”

இருவரும் அவளுடைய இடது கையைப் பார்த்தார்கள். அவளும் பார்த்தாள். அது லிஃப்ட்காரரின் தோள்பட்டை எலும்பின் மேல், சொந்த வீட்டில் உட்கார்ந்திருப்பதுபோல் உட்கார்ந்திருந்தது.

மூட்டை மட்டும் தனியே சோதிக்கும்போது அப்படிப் பிடிப்பதுண்டு. நோயாளி தோள்பட்டையைத் தூக்கிக் கணக்குக் காட்டிவிடக் கூடாது என்பதற்காக. எந்த வருஷத்தில் அந்தக் கட்டைவிரல் எல்லா அளவுக்கும் கூடவே வரத் தொடங்கியது என்று அவளுக்குத் தெரியவில்லை. எலும்பைப் பிடித்துக்கொண்டால் கை முழுசாக எப்படி உயரும்? அவள் விரலை எடுத்தாள். லிஃப்ட்காரரின் கை இன்னும் கொஞ்சம் மேலே போனது. பன்னிரண்டு டிகிரி.

“இது எங்க ரெண்டு பேருக்கும் கண்ணுலயே படலையே” என்றார் அளவுகோல். “நம்ம முறையில அளக்கற கை எங்க இருக்கணும்னுதான் எழுதியிருக்கோம். சும்மா இருக்கற கை எங்க இருக்கணும்னு எழுதலை.”

அவருக்கு அது ஆராய்ச்சியின் நல்ல நேரம். அவளுக்கு வேறு அவசரம் இருந்தது. “டாக்டர், எங்க அண்ணி கீழதான் இருக்காங்க. தொண்ணூத்தாறு நீங்க அளந்தது. தொண்ணூத்தெட்டு நான் அளந்தது” என்றாள். அதற்கு மேல் சொல்ல வேண்டியிருக்கவில்லை. டாக்டர் எழுந்துகொண்டார்.

அண்ணியை மேலே கூட்டிவந்தார்கள். மூன்று பேர் ஒன்றாக நிற்பதைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்தது. ஒன்றுமில்லை, அளவு மட்டும்தான் என்று சொன்ன பிறகே உட்கார்ந்தாள். ஒவ்வொருவராக அளந்து தனித்தனித் துண்டுக் காகிதத்தில் எழுதினார்கள். தன் முறை வந்தபோது தம்பி மனைவி இடது கையைப் புடவைத் தலைப்போடு சேர்த்து இடுப்பில் இறுக்கி வைத்துக்கொண்டாள். காகிதங்களை மேசையில் வைத்தார்கள். நூற்றுப்பத்து. நூற்றுப்பதினொன்று. நூற்றுப்பத்து.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “பதினாலு டிகிரி வந்திருக்கு. தானா வந்துக்கிட்டு இருக்கற தோளை நான் ஏன் நெம்பணும்? திங்கட்கிழமை வேண்டாம். இன்னும் ரெண்டு மாசம் பயிற்சியே போகட்டும்.” தானும் அந்த இரண்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துத் தலையாட்டியதாகவும், யார் அளந்தது என்று கேட்கவில்லை என்றும் அண்ணியிடம் சொன்னார். பெரிய டாக்டர் ஒருவர் அப்படிச் சொல்லித் தம்பி மனைவி இதுவரை கேட்டதில்லை.

ஆனால் பழியை அவரே ஏற்றுக்கொள்ளட்டும் என்று அவர் பின்னால் ஒளிந்துகொள்ள அவள் பிரியப்படவில்லை. நடைபாதைக்கு வந்ததும் அண்ணியைப் பெஞ்சில் உட்காரவைத்துத் தானும் உட்கார்ந்தாள். பிறகு, “தப்பு என்மேலதான் அண்ணி. அளக்கும்போது உங்க தோளை அமுக்கிப் பிடிச்சிருக்கேன். எனக்கே தெரியலை” என்றாள்.

அண்ணி தன் வலது தோளை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டாள்.

“கல்யாணமாகி வந்ததுலேர்ந்து என்னை அமுக்கத்தானே பாத்த” என்றாள். “இன்னிக்குத்தான் சாட்சியோட மாட்டின.”

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை, கண்ணில் தண்ணீர்தான் வந்தது. அண்ணி அதைப் பார்க்காததுபோல் கைப்பைக்குள் குடைந்தாள். இதேபோல் முதல் எண்ணை ஒருவரும் அடுத்த எண்ணை அவளும் எழுதிய கோப்புகள் இன்னும் சில அலமாரியில் இருக்கும். அவர்களையெல்லாம் ஒவ்வொருவராகத் திரும்பக் கூப்பிட வேண்டும். கூப்பிடலாம். சரியாக அளப்பதற்கு ஒரு வழி இப்போது இருக்கிறது. போன வாரம் அந்தக் கையெழுத்தைப் போட்டதிலிருந்து அவள் நெஞ்சில் உட்கார்ந்திருந்த கனம் எழுந்து போன இடம் வெறுமையாக, காற்றோட்டமாக இருந்தது.

அண்ணி போனை எடுத்துவிட்டாள். திங்கட்கிழமை கடை இல்லை என்று யார் யாரிடம் சொல்லியிருந்தாளோ அவர்களையெல்லாம் வரிசையாகக் கூப்பிடத் தொடங்கினாள். “ஒண்ணும் ஆகலைம்மா. டாக்டர் வேண்டாம்னுட்டார். ஆமா, கடை உண்டு, பத்து மணிக்கு வந்துடு” என்றாள் முதலாமவளிடம். இரண்டாமவளிடமும் அதையேதான் சொன்னாள், கொஞ்சம் நீட்டி. நான்காமவளிடம் வருவதற்குள் நாத்தனாருக்கும் தம்பி மனைவிக்கும் நடுவில் மூன்று டாக்டர்கள் பஞ்சாயத்துப் பண்ணியதாகக் கதை வளர்ந்துவிட்டிருந்தது. தம்பி மனைவி பக்கத்தில் உட்கார்ந்து, எதையும் திருத்தாமல், ஒவ்வொரு அழைப்பையும் முழுசாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.