பூத்த கால்

மூங்கில் ஆலையின் கூழ்ப் பிரிவுப் பொறியாளரின் ஏழு வயது மகளுக்குப் பொருத்திய செயற்கைக் கால், முதல் மழைக்காலத்தில் ஒரு விரற்கடை வளர்ந்தது. பிள்ளையும் அதே அளவு வளர்ந்திருந்ததால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்தக் காலை ஆலையின் மூங்கில் நார்ப் பலகையில் செய்தவள், பொறியாளரான தாய்தான். அவள் வருவதற்கு முன்பு அந்த ஆலையில் மூங்கிலைக் காஸ்டிக் சோடாவிலும் கந்தகத்திலும் போட்டு வேகவைத்தார்கள். ஆறு கறுப்பாக ஓடியது, அக்கம்பக்கத்துக்கு வந்த விருந்தாளிகள் மூக்கைப் பொத்திக்கொண்டே சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். அவள் ஆல்கஹாலையும் வினிகர் எனும் காடியின் அமிலத்தையும் கலந்து மிதமான சூட்டில் வேகவைத்தாள். வெந்தபின் அந்தக் கரைசலை ஆவியாக்கிப் பிடித்து மறுபடி பயன்படுத்தலாம்; ஆற்றுக்கு ஒரு சொட்டும் போகாது. காடிக்காரி என்று கேலி செய்தவர்கள், அந்த நாரைப் பிசினில் தோய்த்து அழுத்திய பலகையை அடித்துப் பார்த்து, சுத்தியலின் பிடி முறிந்ததும் வாயை மூடிக்கொண்டார்கள். ஒரே ஒரு தவறுதான் நடந்தது. பழைய முறையில் எதுவுமே பிழைக்காது என்பதால், கூழ் செத்துவிட்டதா என்று பார்க்கும் வழக்கம் அங்கே இல்லை. வலுவைப் பார்த்தார்கள், ஈரத்தைப் பார்த்தார்கள், அத்தோடு சரி.

அந்தப் பலகையில் செய்தவை எல்லாம் வளர்ந்தன. பேருந்து இருக்கைகள் உயர்ந்து பயணிகளின் தலை கூரையில் இடித்தது. கதவுகள் நிலையில் இறுகிக்கொண்டன; தச்சர்கள் காட்டில் மழை. மகள் கல்லூரிக்குப் போன வருடம், கால் பொருத்தும் மருத்துவர் அது தொடைக்குள் வேர்விட்டு நரம்போடு பின்னிக்கொண்டிருப்பதைக் கண்டார். அறுத்தால் ரத்தம் நிற்காது என்றார். அந்த நேரம் பார்த்து, பலகைகளுக்கு மூங்கில் வெட்டிய மலைப் புதர் பூத்துவிட்டதாகச் செய்தி வந்தது. ஒரே புதரில் பிறந்தவை எங்கே இருந்தாலும் ஒன்றாகப் பூக்கும், பூத்தால் பட்டுப்போகும். இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அந்த வாரமே இருக்கைகள் பூத்து உதிர்ந்து, பயணிகள் நின்றுகொண்டே போனார்கள். கதவில்லாத வீடுகளில் மக்கள் போர்வையைத் தொங்கவிட்டார்கள்.

தாய் வேலைக்குப் போகாமல் மகளின் கணுக்காலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வாழ்நாளெல்லாம் சுத்தம் சுத்தம் என்று பெருமைப்பட்டவள், காலுக்கான அந்த ஒரு கொதிகலன் கூழை மட்டும் நாற்றமெடுக்கிற காஸ்டிக்கில் வேகவைத்திருக்கக் கூடாதா என்று ஏங்கினாள். மூன்றாம் நாள் கணுவில் வைக்கோல் நிறத்தில் அரும்பு கட்டியது.

"வேர் மேல ஏறுதாடி? மறைக்காம சொல்லு."

"இல்லம்மா. எல்லாம் கீழ இறங்குற மாதிரி இருக்கு. நீ ஒரு வாய் சாப்பிடு."

அவள் சாப்பிடவில்லை. பூ விதையானது, விதை முற்றியது, கால் வெளுத்துக் காய்ந்தது. ஒரு காலையில் மகள் கட்டிலை விட்டு எழுந்தபோது, அது வேரோடு உறையைப் போலக் கழன்று தரையில் கிடந்தது. ஒரு துளி ரத்தமில்லை. தொடையின் நுனியில் பச்சையாக ஒரு குருத்து, அதன் முனையில் பருப்பளவில் ஐந்து விரல்கள். தாய் அதைத் தொட்டுப் பார்த்தாள். இதமான சூடு இருந்தது. அப்போதுதான் அழுதாள்.

மதியம் செருப்புக் கடைக்குப் போய், கைக்குழந்தைக்குப் போடுகிற அளவில், இடது காலுக்கு மட்டும் ஒன்று கேட்டாள். யாருக்கு என்று கடைக்காரர் விசாரித்தார். சொன்னாள்.

"மூங்கில்தானே? மழை முடியறதுக்குள்ள முழுக் காலும் வந்துரும்" என்றவர், அடுத்த மூன்று அளவுகளையும் சேர்த்துக் கட்டிக்கொடுத்தார்.