காபந்துக் கையெழுத்து

ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த தாளில் 241-ஐ அடித்துவிட்டு 243 என்று எழுதினாள் செயலாளர் கோதலீவ். நேற்று மே தின விடுமுறை. அதற்காக நாட்கள் நின்றுவிடுமா என்ன?

இருநூற்று நாற்பத்து மூன்று நாட்களாக அந்தப் பல்கலைக்கழக அரசியல் ஆய்வு மையத்துக்கு இயக்குநர் இல்லை. பழைய இயக்குநர் நீதிபதியாகிப் போய்விட்டார். போகும்போது மேஜைச் செடியைக்கூட எடுத்துக்கொண்டு போனவர், தாம் எழுதிய விதிகளை மட்டும் விட்டுவிட்டுப் போனார். அவற்றின்படி புதிய இயக்குநருக்குத் தேர்வுக் குழுவில் டச்சு பேசும் ஐந்து பேரில் மூன்று ஓட்டும், பிரெஞ்சு பேசும் ஐந்து பேரில் மூன்று ஓட்டும் விழ வேண்டும். பெல்ஜியத்தில் அரசாங்கம் அமையாமல் மாதக்கணக்கில் இழுப்பதைப் பற்றி இந்த மையம் பதினோரு அறிக்கை வெளியிட்டிருக்கிறது. உலகமே அவற்றைப் படித்தது, எழுதியவர்களைத் தவிர.

ஆறு முறை வாக்கெடுப்பு நடந்தது. துணை இயக்குநர் அன்னலோருக்கு டச்சுப் பக்கம் ஐந்தும் விழும். பிரெஞ்சுப் பக்கம் இரண்டு அவளுக்கு, இரண்டு அதே குழுவில் இருக்கும் போட்டி வேட்பாளர் கொலினேவுக்கு, ஐந்தாவது இடம் காலி. அவளுக்கு விழும் அந்த இரண்டில் ஒன்று வரலாற்றுத் துறை அம்மாளுடையது என்று அவளுக்குத் தெரியும். இன்னொன்று யாருடையது என்று எட்டு மாதமாக யோசித்துப் பார்த்துவிட்டாள், பிடிபடவில்லை.

புதியவர் வரும்வரை அன்னலோர்தான் காபந்து இயக்குநர். காபந்து என்றால் அன்றாட அலுவல் மட்டும், புதிய பொறுப்பு எதையும் மையத்தின் தலையில் கட்டக் கூடாது. இதை அவள் எவ்வளவு கறாராக எடுத்துக்கொண்டாள் என்றால், ஜனவரியில் காபி மெஷின் செத்துப் போனபோது புதியது வாங்குவது அன்றாட அலுவலா இல்லையா என்று மூன்று நாள் யோசித்து, இல்லை என்று முடிவு செய்தாள். அன்றிலிருந்து கோதலீவ் வீட்டிலிருந்து ஃபிளாஸ்க்கில் காபி கொண்டுவருகிறாள், முணுமுணுத்துக்கொண்டே. இயக்குநர் அறையில் வேலை பார்த்தாலும் அந்தப் பெரிய நாற்காலியில் அன்னலோர் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. ஜன்னலோரச் சின்ன மேஜைதான் அவளுக்கு.

"மேடம், இன்னைக்கு அந்தப் பச்சைக் கோப்பு," என்றாள் கோதலீவ், காபியை ஊற்றியபடி. "மறந்துடாதீங்க."

மறப்பதா? ஒரு வாரமாக அந்தக் கோப்பு அவள் தூக்கத்தைத் தின்றுகொண்டிருக்கிறது.

உள்ளே இருந்தது ஒரே ஒரு தாள். கெத்தெவான் என்ற ஆராய்ச்சியாளருக்கு இன்னும் இரண்டு ஆண்டுக்குப் பணி நீட்டிப்பு. ஜார்ஜியாவிலிருந்து நான்கு ஆண்டுக்கு முன் வந்து பிரெஞ்சில் ஆராய்ச்சி செய்பவள் அவள். ஞாயிற்றுக்கிழமையோடு ஒப்பந்தம் முடிகிறது. ஒப்பந்தம் போனால் குடியிருப்பு அனுமதி போகும், அனுமதி போனால் ஸ்கார்பேக்கில் பள்ளிக்கூடம் போகும் ஏழு வயது மகளோடு பெட்டி கட்ட வேண்டியதுதான். கையெழுத்துப் போட வேண்டியவர் இயக்குநர். போன திங்களே வாக்கெடுப்பு முடிந்து புதிய இயக்குநர் போட்டிருப்பார். ஆனால் ஈஸ்டர் விடுமுறைக்குப் போன இருவர் திரும்பி வராமல் கூட்டத்தை வரும் திங்களுக்குத் தள்ளிவிட்டார்கள். கத்தி வந்து அன்னலோரின் கழுத்தில் நின்றது.

இதில் ஒரு சிக்கல் என்றால் பரவாயில்லை, இரண்டு இருந்தன. காலியாக இருந்த ஐந்தாவது பிரெஞ்சு இடத்துக்குப் போன மாதம் ஆராய்ச்சியாளர்கள் தேர்ந்தெடுத்து அனுப்பியது இதே கெத்தெவானைத்தான். கையெழுத்து விழுந்தால் திங்கட்கிழமை அவள் ஓட்டுப் போடுவாள். அவள் ஓட்டு அன்னலோருக்கு விழுந்தால் மூன்று. பதினோரு ஆண்டு துணையாகவே இருந்தவள் இயக்குநர் ஆகிவிடுவாள்.

அன்னலோருக்கு இருப்புக் கொள்ளவில்லை. காலில் சக்கரம் கட்டிக்கொண்டதுபோல் தாழ்வாரத்தில் மேலும் கீழும் நடந்தாள். வியாழன் விடுமுறை, சனி ஞாயிறு விடுமுறை, நடுவில் மாட்டிக்கொண்ட வெள்ளிக்கு ஊரே லீவு போட்டுவிட்டுக் கடற்கரைக்குப் போயிருந்தது. புல முதல்வரைப் பிடிக்க நான்கு முறை போன் செய்தாள். நான்காவது முறை எடுத்தார், பின்னால் அலைச் சத்தம்.

"அன்னலோர், இதென்ன பெரிய விஷயமா? போடணும்னா போடுங்க, வேண்டாம்னா விடுங்க. உங்க விதியைப் படிச்சுப் புரிஞ்சுக்கிற அளவுக்கு எனக்கு ஆயுசு இல்ல."

"எழுத்துல ஒரு வரி அனுப்ப முடியுமா?"

"செவ்வாய்க்கிழமை அனுப்புறேன்."

பழைய இயக்குநரையும் கூப்பிட்டாள். நீதிபதி என்ற முறையில் கருத்துச் சொல்ல இயலாது என்றார். அந்த விதிகளை எழுதி வைத்த மனிதர்! அன்னலோர் போனை மேஜையில் வைக்கவில்லை, போட்டாள்.

பதினொன்றரைக்குக் கொலினே வந்தார், கையில் காகிதத்தில் சுற்றிய இரண்டு சாண்ட்விச்சுகளோடு. ஃபெர்னான் கொலினேவுக்கு அறுபத்தொன்று. இருபது ஆண்டாக ஒவ்வொரு வெள்ளியும் இருவரும் சேர்ந்துதான் சாப்பிடுவார்கள். போட்டி வேட்பாளரான பிறகும் அது நிற்கவில்லை. தேர்தலைப் பற்றி மட்டும் பேசுவதில்லை என்று ஒரு பேசாத உடன்பாடு. நாகரிகம் என்று இருவரும் நினைத்துக்கொண்டார்கள். சுத்த அசட்டுத்தனம் என்றுதான் சொல்ல வேண்டும்.

"என்னம்மா, மூஞ்சி ஏன் இப்படி தொங்குது?" என்றபடி விருந்தினர் நாற்காலியில் உட்கார்ந்தார். பச்சைக் கோப்பைப் பார்த்ததும் விஷயம் புரிந்துவிட்டது. சாண்ட்விச்சைப் பிரிக்காமலே வைத்தார்.

"போடப் போறியா?"

"இருக்கிற வேலையைத் தொடருறதுதானே? அன்றாட அலுவல்னு சொல்லலாம்ல?"

"இரண்டு வருஷம் அன்றாடமா? நீதானே எழுதின? பக்கம் இருநூத்திப் பன்னெண்டு."

அன்னலோருக்கு முகம் சுட்டது. காபந்து அரசுகளைப் பற்றிய அவளுடைய புத்தகத்தை இந்த நாட்டில் அமைச்சரின் டிரைவர்கூடக் கேள்விப்பட்டிருப்பான். வெளியேறும் கை எதிர்காலத்தின் மேல் கையெழுத்திடக் கூடாது என்று அதில் எழுதியவள் அவள்தான், முப்பத்திரண்டு வயதில், உலகத்தில் எதுவுமே தன் மேஜைக்கு வராது என்ற தைரியத்தில்.

"அந்தப் பொண்ணு போயிடுவா, ஃபெர்னான்."

"தெரியும். எனக்கு மட்டும் சந்தோஷமா? ஆனா இதையும் கேட்டுக்கோ." அவர் குரலில் கேலி போய்விட்டது. "வெள்ளிக்கிழமை நீ அவளுக்கு வேலை குடுக்குற. திங்கட்கிழமை அவ உனக்கு ஓட்டுப் போடுறா. ஒரு மந்திரி இப்படிச் செஞ்சிருந்தா நீ என்னன்னு எழுதியிருப்ப?"

கடைந்தெடுத்த வியாபாரம் என்று எழுதியிருப்பாள், அடிக்குறிப்போடு. கொலினே எழுந்து, அவள் தோளில் லேசாகத் தட்டிவிட்டுப் போனார். தமது சாண்ட்விச்சையும் விட்டுவிட்டுப் போனார்.

அதன்பிறகு மணி ஓடியதா நின்றதா என்று அவளுக்கே தெரியாது. கோப்பைத் திறந்தாள், மூடினாள். பேனாவை எடுத்தாள், மை இருக்கிறதா என்று வேறொரு தாளில் கிறுக்கிப் பார்த்தாள். வேறு யாராவது இந்தக் கையெழுத்தைப் போட்டுவிடமாட்டார்களா என்றுதான் அவள் மனம் அடித்துக்கொண்டது. தன் புத்தகத்தில் அவள் நார் நாராகக் கிழித்த அமைச்சர்கள் எல்லாரும் இப்படித்தான் ஒரு மத்தியானம் உட்கார்ந்திருப்பார்களோ என்று முதல்முறையாக நினைத்தாள்.

நான்கு மணிக்கு மேல் பொறுக்கமுடியாமல் கெத்தெவானின் அறைக்குப் போனாள். முடியாது என்று நேருக்கு நேர் சொல்லிவிடுவதுதான் மரியாதை என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டு.

கெத்தெவான் புத்தகங்களை வாழைப்பழப் பெட்டிகளில் அடுக்கிக்கொண்டிருந்தாள். கீழ்க்கடையில் கேட்டு வாங்கியவையாக இருக்கும். மகள் வரைந்த படங்கள் சுவரிலிருந்து இறங்கிவிட்டன.

"வாங்க மேடம். உக்கார இடம் இல்ல, மன்னிச்சுக்கோங்க."

"நீ ஏன் என்கிட்ட வந்து கேக்கல?" என்று வெடித்தாள் அன்னலோர். சொல்ல வந்தது அதுவல்ல. "ஒரு வாரமா! ஒரு தடவைகூட வந்து கேக்கல!"

கெத்தெவான் கையிலிருந்த டேப்பைக் கீழே வைத்தாள். "எப்படிக் கேப்பேன் மேடம்? எனக்கு ஓட்டு இருக்கு. நான் வந்து கேட்டா அது பேரம் பேசுற மாதிரி ஆயிடாதா?"

அன்னலோர் அடுக்கி வைத்த பெட்டிகளைப் பார்த்தாள்.

"எங்க ஊர்ல பதவியை விட்டுப் போகப்போறவங்கதான் நிறைய கையெழுத்துப் போடுவாங்க," என்றாள் கெத்தெவான். "கடைசி வாரத்துல பேனாவே சூடாயிடும். உங்க புத்தகத்தைப் படிச்சப்போ, கையில பேனா இருந்தும் போடாம இருக்கிற ஆளுங்க ஒரு ஊர்ல இருக்காங்கன்னு ஆச்சரியமா இருந்துச்சு. அதுக்காகத்தான் வந்தேன். இப்போ எனக்குன்னு வந்ததும் அது தப்புன்னு சொன்னா நல்லாவா இருக்கும்?" சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. "பாப்பாகிட்டதான் இன்னும் சொல்லல."

அன்னலோர் திரும்பி நடந்தாள். தாழ்வாரத்தின் பாதியில் நின்றாள். ஏன் போடக் கூடாது என்று எழுதினேன் என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். எதிர்காலத்தின் மேலுள்ள அக்கறையாலா? அது பாதிதான். பதவியை விட்டுப் போகிறவன், திரும்பி வருவதற்கான ஓட்டுக்கு அந்தக் கையெழுத்தையே விலையாகக் கொடுக்கிறான் என்பதுதான் மீதிப் பாதி. நாளை இயக்குநர் அறைக்கு யார் வந்தாலும் கெத்தெவானை வைத்துக்கொள்ளத்தான் போகிறார்கள், கொலினே உட்பட. ஆக, அந்தக் கையெழுத்தில் அழுக்கு என்று ஒன்று இருந்தால் அது ஒரே ஒரு அழுக்குதான். அவளுக்கு அந்த நாற்காலி வேண்டும் என்பது.

அறைக்கு வந்ததும் உட்காரக்கூட இல்லை. நின்றபடியே குழுவினர் பத்துப் பேருக்கும் இரண்டு மொழியிலும் மூன்று வரி எழுதினாள். இயக்குநர் பதவிக்கான போட்டியிலிருந்து விலகுகிறேன், இது இறுதியானது. அனுப்பும் பொத்தானை அழுத்தினாள். மணி நான்கு முப்பத்தொன்று. அது போய்ச் சேர்ந்துவிட்டதா என்று இரண்டு முறை பார்த்தாள். பிறகுதான் பச்சைக் கோப்பைத் திறந்தாள். கையெழுத்துக்குப் பக்கத்தில் தேதியோடு நேரத்தையும் எழுதினாள், 4.40. இந்தக் கட்டடத்தில் எது முன்னால், எது பின்னால் என்று யாராவது கட்டாயம் பார்ப்பார்கள்.

கோதலீவ் கோப்பை வாங்கிப் பிரித்தாள், நேரத்தைப் பார்த்தாள், தன் கணினிக்கு நகலாக வந்திருந்த கடிதத்தையும் பார்த்தாள். முப்பது ஆண்டு அனுபவம், விளக்கம் தேவைப்படவில்லை.

"ஐயோ மேடம்," என்றாள். அவ்வளவுதான். கோப்பை எடுத்துக்கொண்டு பணியாளர் பிரிவுக்கு ஓடினாள்.

ஐந்தே கால் மணிக்குக் கொலினே மூச்சிரைக்க உள்ளே வந்தார். டிராமிலிருந்து பாதி வழியில் இறங்கி ஓடி வந்திருக்கிறார். கோட்டுப் பொத்தான் தப்பும் தவறுமாக மாட்டியிருந்தது.

"என்ன பண்ணித் தொலைச்ச?"

"பார்த்தீங்களா? வாழ்த்துகள், இயக்குநரே."

"வாழ்த்தாவது மண்ணாவது! திருப்பி வாங்கு. இப்பவே இன்னொரு மெயில் போடு. அவசரத்துல எழுதிட்டேன்னு சொல்லு."

"வாங்க முடியாது. வாங்கினா அந்தக் கையெழுத்து என்ன ஆகும்? நீங்கதானே மத்தியானம் சொன்னீங்க?"

தாம் சொன்னது சரி என்பதுதான் கொலினேவுக்குத் தாளவில்லை. விருந்தினர் நாற்காலியில் தொப்பென்று விழுந்தார்.

"எனக்கு இந்த வேலை வேண்டாம், அன்னலோர். என்னைக்குமே வேணும்னு இருந்ததில்ல. எங்க பக்கத்திலிருந்து ஒருத்தர்கூட நிக்காம இருந்தா நல்லா இருக்காதுன்னாங்க, நின்னேன். இரண்டு மாசத்துல நீ ஜெயிச்சிடுவ, நான் ஆர்டென் மலைக்காட்டுக்குப் போயி மீன் பிடிப்பேன்னு இருந்தேன்."

"அதை ஒரு தடவை சொல்லியிருக்கலாமே!" அவள் குரல் ஏறியது. "எட்டு மாசம், ஃபெர்னான்! முப்பத்தஞ்சு வெள்ளிக்கிழமை!"

"நீ கேக்கலையேம்மா. போட்டியாளர்கிட்ட கேக்கக் கூடாதுன்னு நீ மரியாதையா இருந்த. நானும் மரியாதையா இருந்தேன்."

அன்னலோருக்குச் சிரிப்பு வந்தது. அது சிரிப்பாகவே நிற்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொள்ள ஒன்றும் கிடைக்காமல் சாண்ட்விச் காகிதத்தை எடுத்தாள், வெண்ணெய்ப் பிசுக்கு, வைத்துவிட்டாள்.

"எனக்கு வேணும்னு இருந்துச்சு," என்றாள். "யாருகிட்டயும் சொன்னதில்ல. ரொம்ப வேணும்னு இருந்துச்சு."

"தெரியும்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

கொலினே கோட்டுப் பொத்தானைக் கழற்றி, சரியான துளையைத் தேடிக்கொண்டிருந்தார். அவளைப் பார்க்கவில்லை.

"ஆறு தடவையும் உனக்குத்தானே போட்டேன்," என்றார்.

வெளியே கெத்தெவானின் அறையில் டேப்பைக் கிழித்துப் பெட்டியைப் பிரிக்கும் சத்தம் கேட்டது. கோதலீவ் சொல்லியிருப்பாள். இருவரும் அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள், அந்தப் பெரிய நாற்காலிக்கு இந்தப் பக்கம் ஒருவரும் அந்தப் பக்கம் ஒருவரும்.